பெயர் அழிக்கப்பட்டது, தரம் ஒரு படி குறைவு

கிருபாசங்கரின் மடல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாட்ஸ்அப்பில் வரும். பழைய காமிக்ஸ் புத்தகங்களை வாங்கி விற்பவர்கள் பலர் இருந்தாலும், தாம் விற்கும் பொருளின் குறையைத் தாமே முதலில் சொல்பவர் அவர் ஒருவர்தான் என்பது சேகரிப்பாளர்களின் ஒருமித்த தீர்ப்பு. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் துரு என்றே எழுதுவார். நடுப்பக்கம் இல்லையென்றால் இல்லை என்பார். சென்ற ஆண்டு மறுபதிப்பு ஒன்றை அசல் என்று நம்பி விற்றுவிட்டதையும், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதையும், தம் கண்ணுக்கு வயதாகிவிட்டதையும் ஒரு முழு மடலாகவே எழுதினார். படித்தவர்கள் உருகிப்போனார்கள். அந்த மாதம் புதிய வாடிக்கையாளர்கள் குவிந்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மடலை அன்புக்கரசி அடுப்படியில் நின்றபடி ஒருமுறையும் உட்கார்ந்து ஒருமுறையும் படித்தாள். அதில் இரண்டு தொகுப்புகள் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டிருந்தன.

முதலாவது, ஆனைமலையில் தோப்பும் துரவுமாக வாழ்ந்து மறைந்த பாலுசாமியினுடையது. 'ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அய்யா தம் பெயரை எழுதியிருக்கிறார். இது வெறும் மையல்ல, ஒரு வாசகரின் வாழ்க்கை. ஆகவே தரம் ஒரு படி கூடுதல்.'

இரண்டாவது, பல்லடத்திலிருந்து வந்தது. 'தாள் நல்ல நிலை. முதல் பக்கங்களில் பழைய சொந்தக்காரர் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தார். ஸ்பிரிட் வைத்து அழித்துவிட்டேன். உங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பெயர் அழிக்கப்பட்டது, தரம் ஒரு படி குறைவு.'

அந்தப் பழைய சொந்தக்காரர் அவள் தந்தை பிரான்சிஸ். விசைத்தறியில் வேலை செய்து ஓய்ந்தவர். கண்ணில் புரை விழுந்து சிறிய எழுத்துகள் தெரியாமல் போனபோது, 'படிக்கிற கைக்குப் போகட்டும்' என்று தம் புத்தகங்களை விற்றுத் தரும்படி கிருபாசங்கரிடமே ஒப்படைத்திருந்தார். மடலைப் படித்துக் காட்டப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார்.

மடலின் கீழே இதயங்களும் கைகூப்பல்களும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. 'இப்படி உண்மை பேச யாரால் முடியும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்புக்கரசி ஸ்கூட்டரை எடுத்தாள்.

கணபதி பகுதியில் லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது கடை. ஞாயிறுதோறும் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அன்றும் ஏழெட்டுப் பேர் தேநீரும் பேச்சுமாக இருந்தார்கள்.

"அட, வாங்க அம்மணி. ஏனுங்க, அப்பா சௌரியமா இருக்காருங்களா?" என்றார் கிருபாசங்கர். அவர் முன்னால் பல்லடத்துப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் பஞ்சும் ஒரு புட்டியும்.

அவள் அடுக்கிலிருந்து ஒன்றையும் ஆனைமலைப் பெட்டியிலிருந்து ஒன்றையும் எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து அருகருகே வைத்தாள்.

"இது ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"அது இங்க் பேனாங்க அம்மணி. இது ரீஃபில் பேனா. தாளு அமுங்கிப்போச்சு பாருங்க."

"அப்ப படியேத்துனது பேனாவுக்குங்களா? மடல்ல வாசகரின் வாழ்க்கைன்னு போட்டிருந்தீங்க?"

ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் நிதீஷ் சிரித்தான். "அண்ணா, மாட்டிக்கிட்டீங்க. பேனாவுக்குத் தனியா ஒரு படி போட்டுருங்க."

"சும்மா இரு தம்பி," என்று அவனை அடக்கிய கிருபாசங்கர் இவள் பக்கம் திரும்பினார். "பாலுசாமி அய்யா நாலு ஊருக்குத் தெரிஞ்சவருங்க. பேரு இருந்தா வாங்கறவங்களுக்கு ஒரு பெருமை."

"எங்கப்பாவ உங்களுக்குத் தெரியாதுங்களா? கடை தொறந்த நாள்லயிருந்து வந்துட்டிருந்தாரே. அவரு கிறுக்குனாரு, அய்யா எழுதுனாரு. அப்படித்தானுங்களே?"

அவர் கைகளைக் கூப்பினார். அந்த முகத்தை அவள் மடல்களின் வழியாக நன்கு அறிவாள். "தப்புத்தானுங்க. அடுத்த மடல்ல எழுதிப்போடறேன். ஒரு மகளோட மனசைப் புண்படுத்திப்போட்டேன்னு பகிரங்கமா மன்னிப்புக் கேக்கறேன். போதுமுங்களா?"

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பில்தான் அவளுக்குக் கோபம் முற்றியது. இந்த மன்னிப்புக்கும் இதயங்கள் விழும். அவள் அவமானம் அவருடைய நேர்மைக்கு இன்னொரு சான்றாகிவிடும்.

"மன்னிப்பு வேண்டாமுங்க. காரணத்த எழுதுங்க. ஒருத்தர் பேருக்கு எதனால ஏத்துனீங்க, இன்னொருத்தர் பேர எதனால தொடச்சீங்க. அத மட்டும்."

"என்னங்க இது? நான் சாதி பாக்கறவனாங்க?" அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "எத்தன வருசமா எல்லாருக்கும் ஒரே டம்ளர்ல டீ குடுக்கறேன்!"

"அந்த வார்த்தைய நான் சொல்லவே இல்லீங்களே."

அப்போது அவள் கைபேசி ஒலித்தது. அப்பா. தறிச் சத்தத்தில் வாழ்ந்தவருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் குரல் கடை முழுவதும் கேட்டது.

"கண்ணு, மடல் பாத்தியா? நம்ம புஸ்தகம் வந்திருச்சு! தாளு நல்ல நிலைன்னு கிருபா சார் எழுதியிருக்காரு. அவரு லேசுல அப்படி எழுத மாட்டாரு."

"பாத்தேங்கப்பா."

"பேர அழிச்சாராமா. நான் வேற அழுத்தி அழுத்தி எழுதியிருப்பேன். பாவம், அவருக்குத்தான் வேல வெச்சுட்டேன். பாத்தா நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். கிருபாசங்கர் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா? உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறாரு."

மேசையிலிருந்த பேனாவை அவள் எடுத்தாள். அழிக்கப்பட்ட முதல் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தாள். மை போயிருந்தது, ஆனால் எழுத்தின் பள்ளம் போகவில்லை. அந்தப் பள்ளத்திலேயே பேனாவை ஓட்டினாள். பிரான்சிஸ், பல்லடம்.

"அம்மணி, வேண்டாமுங்க! புஸ்தகம் கெட்டுப்போயிரும். அப்புறம் யாருங்க வாங்குவாங்க?"

அவள் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள். "ஆனைமலைப் புஸ்தகத்துக்கு என்ன தரமோ அதே தரத்துக்கு, இந்தப் பேரோட, யாராச்சும் வாங்கறீங்களா?"

நிதீஷ் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான். மற்றவர்கள் அலமாரிகளைப் பார்த்தார்கள். கீழே லேத் இயந்திரம் எதையோ கடைந்துகொண்டிருந்தது.

"சரிங்க," என்று அடுத்த புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். எழுதி முடித்ததை ஒவ்வொன்றாகத் தன் பைக்குள் வைத்தாள். அவசரப்படவில்லை. ஓரிடத்தில் தாள் கிழியுமளவுக்கு அழுத்திவிட்டாள், அதையும் வைத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கிருபாசங்கர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "பல்லடம் தொகுப்பு இல்லீன்னு அடுத்த வாரம் சொல்லோணுமுங்களே. என்னன்னு எழுதறதுங்க?"

"அதக்கூட நானேதான் எழுதித் தரோணுமாங்க?" என்றாள் அன்புக்கரசி, தலை நிமிராமல்.