ஓடவில்லை என்று ஒரு சத்தியம்

வாஷிங்டனில் சட்டம் நிறைவேறிய செய்தி வந்த அன்று டெல்மர் விங்க்ளர் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மளிகைக் கடை வரைக்கும் போய், வேண்டியவர் வேண்டாதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். காப்புக்காட்டுக்குள் தனியாருக்குச் சொந்தமான பழைய வாய்க்கால், மதகு, குழாய் எதுவாக இருந்தாலும் இனி இருந்துவிட்டுப் போகலாம். சொந்தக்காரருக்கு அனுமதிச் சீட்டு உண்டு. காட்டுக்குள் இருந்த அவருடைய தண்ணீர்த் தொட்டியைப் 'பிடுங்கு, பிடுங்கு' என்று நாற்பது வருஷமாக வன இலாகா கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அவரும் அந்தக் கடிதங்களை வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

சட்டத்தில் நிபந்தனைகள் இருந்தன. காட்டைக் காப்புக்காடாக அறிவிப்பதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் தண்ணீர் எடுத்து வந்திருக்க வேண்டும். ரிப்பேர் செய்யலாம், ஆனால் மோட்டார் வைத்த எதுவும் உள்ளே நுழையக் கூடாது. கைரம்பம், கடப்பாரை, கோவேறு கழுதை, அவ்வளவுதான். இதெல்லாம் டெல்மருக்கு ஒரு பொருட்டே இல்லை. பேட்ஜர் ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் அந்த மரத்தொட்டி அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. அது இல்லாவிட்டால் அவர் மாட்டுத்தீவனமாகப் போட்ட இருநூறு ஏக்கர் குதிரைமசால் ஜூலை தாண்டாது. மாடும் தாண்டாது. பண்ணையும் தாண்டாது.

வன இலாகாவிலிருந்து ப்ரைஸ் நகாமுரா என்ற இளம் அதிகாரி பார்வையிட வந்தான். இரண்டு மணி நேரம் கோவேறு கழுதை மேல் ஏறிப் போனார்கள். வழியெல்லாம் டெல்மர் வாய் ஓயவில்லை.

"பாத்துக்கோ தம்பி," என்றார், தொட்டியைக் கையால் தட்டி. "எப்படிப் பாயுது பாரு. ஒரு வருஷம் நின்னது கிடையாது. எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்லுவேன்."

நகாமுரா சேணப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். "சார், இது உங்க கையெழுத்துதானே?"

அவருடையதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாநில நீர்வள ஆபீஸில் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தது. 'பேட்ஜர் ஓடைத் தொட்டியில் ஐந்து வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. நான் என் நிலத்து ஊற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.'

எங்கள் பக்கத்தில் முந்தியவனுக்கே முதல் தண்ணீர். அந்த வாய்க்காலில் பக்கத்துப் பண்ணை சோரன்சன் குடும்பத்தின் உரிமை 1898. விங்க்ளர் குடும்பத்தின் உரிமை 1911. ஆகஸ்டில் ஓடை சுண்டினால் டெல்மர் தன் மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்துவிட்டு சோரன்சன் வயல் குடிப்பதை வேடிக்கை பார்க்க வேண்டும். ஆனால் ஐந்து வருஷம் சேர்ந்தாற்போல் எடுக்காதவனுக்கு உரிமை போய்விடும். லேன் சோரன்சன் பாய்சி நகரத்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார், மனைவி ஆர்டித் கூடவே இருந்தாள். அந்த நேரம் பார்த்து டெல்மர் போய் இந்தச் சத்தியத்தைச் செய்தார். நோட்டீஸ் வந்து, கெடு முடிந்து, உரிமை பறிபோனது கூட அவளுக்குத் தெரியாது. அயோக்கியத்தனம் என்பதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

"அது... அந்தப் பொம்பளைக்கு எதிரா எழுதினது தம்பி. நெசத்துல தண்ணி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அப்போ பொய்ச் சத்தியமா?"

டெல்மர் கழுதையின் காதைத் தடவினார்.

"இந்தக் காகிதம் ஃபைல்ல இருக்கிற வரைக்கும் அனுமதி கிடையாது சார். நீங்களே வாபஸ் வாங்கணும். அந்த அஞ்சு வருஷமும் தண்ணி எடுத்த இன்னொருத்தர் சாட்சி சொல்லணும். இல்லேன்னா செப்டம்பருக்குள்ள தொட்டியைப் பிரிச்சு எடுத்துரணும்." கொஞ்சம் நிறுத்தி, "கையாலதான்," என்றான்.

அந்த ஐந்து வருஷம் தண்ணீர் எடுத்த இன்னொருத்தர் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழையைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தினோம் என்ற சமாதானம் இருக்கிறது.

ஆர்டித் மாடுகளை விற்றுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். கொசுவலைக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே கேட்டாள்.

"வழி தவறி வந்துட்டியா?"

"ஒரு கையெழுத்து வேணும், ஆர்டித்."

"ஓ. நகாமுரா போன் பண்ணினான். சொல்லு, உன் வாயால கேக்கணும்."

"அந்த அஞ்சு வருஷமும் நீ தண்ணி எடுத்தேன்னு சொல்லணும்."

"எடுத்தேனா? ஆபீஸ்ல இல்லேன்னு சொன்னாங்களே. பெரிய மனுசன் ஒருத்தர் பைபிள் மேல கை வச்சுச் சொன்னாராம்."

"பழசைக் கிளறாதே. தொட்டி போனா ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம்."

"எனக்கு என்னடா நஷ்டம்? நீதான் எல்லாத்தையும் மிச்சம் வைக்காம எடுத்துட்டியே." அவள் குரல் உயரவேயில்லை. "லேன் கடைசி வாரம் என்ன கேட்டாரு தெரியுமா? ரெண்டாவது அறுப்பு எப்படின்னு கேட்டாரு. நல்லா இருக்குன்னு சொன்னேன். நானும் பொய்தான் சொன்னேன். ஆனா அது சத்தியம் இல்லே."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். போய்விடலாமா என்று தோன்றியது. இருநூறு ஏக்கர் கண்முன் வந்தது.

"என்ன செய்யணும்ங்கறே?"

அவள் உள்ளே போய் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கதவிடுக்கில் நீட்டினாள். 'தண்ணீர் எல்லா வருஷமும் ஓடியது. ஆர்டித் சோரன்சன் எல்லா வருஷமும் பாசனம் செய்தாள். அவளுடைய உரிமையைப் பறிக்க நான் தெரிந்தே பொய் சொன்னேன்.' ஒரே ஒரு 'மன்னிப்பு'கூட அதில் இல்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"நோட்டரி முன்னால போடு. அப்புறம் நான் போடறேன்."

வங்கியில் நோட்டரி வேலை பார்ப்பவள் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். வரிசையில் நின்றவர்கள் அவள் படிப்பதைப் பார்த்தார்கள். டெல்மர் கையெழுத்துப் போட்டார். ஆர்டித்தும் சொன்ன சொல் தவறவில்லை.

நீர்வள ஆபீஸ் பழைய உத்தரவை ரத்து செய்தது. அடுத்த வசந்தத்தில் அனுமதிச் சீட்டு வந்தது, இரண்டு பேர் பெயரிலும். முதல் பெயர் சோரன்சன், 1898.

அந்த வருஷம் பனி குறைவு. ஜூலை பதினெட்டாம் தேதியே ஓடை இளைத்துவிட்டது. காலையில் ஆர்டித் போன் செய்தாள். "பலகையை இறக்கு," என்றாள், வைத்துவிட்டாள். டெல்மர் இறக்கினார்.

பத்து நாளில் குதிரைமசால் நுனி கருகியது. டெல்மர் வேலி ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்தார். சோரன்சன் வயலில் தண்ணீர் கணுக்கால் அளவு பளபளவென்று நின்றது. புல் விதைக்கவில்லை, உழவில்லை. பத்து வருஷமாக மண்டிய முட்பூண்டுதான் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று ஊதாப் பூ விட்டு நின்றது. ஆர்டித் நாற்காலி போட்டு அதன் நடுவில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

பயிர் இல்லாத நிலத்தில் தண்ணீரை வீணடிப்பது சட்டப்படி குற்றம். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து நீர்வள ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"புகார் குடுக்கணும். ஆர்டித் சோரன்சன் முள்ளுக்குத் தண்ணி பாய்ச்சறா. என் கண்ணால பாத்தேன்."

"உங்க பேரு?"

"டெல்மர் விங்க்ளர்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சரிங்க மிஸ்டர் விங்க்ளர்," என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக. "இதை நீங்க சத்தியம் பண்ணி எழுதிக் குடுப்பீங்களா?"