ஒரே கீபோர்டில் இரண்டு பேர்

“எதுக்கு சார் லேப்டாப்?” என்று கடைக்காரப் பெண்மணி கேட்டதும் இரண்டு பதில்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

“ஆபீஸ் வேலைக்கு, தினப்படி உபயோகத்துக்கு,” என்றாள் மனைவி.

“கேம் ஆட,” என்றார் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக்.

பெண்மணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி, யாருக்குன்னாவது சொல்லுங்க.”

“எனக்கு.”

“எங்க ரெண்டு பேருக்கும்.”

அதுவும் ஒரே நேரத்தில்தான். இவர்களை ஓயாமல் சண்டை போடும் ஜோடி என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட்டிருந்தால்தான் பரவாயில்லையே! மூன்று வாரமாக வீட்டில் ஒரு பெரிய பேச்சு பேசப்படாமலே உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி லேபில் மனைவிக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வெளியூரில் புதிதாகத் திறக்கிற லேப் முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்லியாக வேண்டும். “என்ன சொல்றீங்க?” என்று அவள் கேட்டபோதெல்லாம் மெக்கானிக், “உன் இஷ்டம்” என்றார். இந்த “உன் இஷ்டம்” இருக்கிறதே, அதைவிட மோசமான “வேண்டாம்” உலகத்தில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தியும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போகவே மனசு வராது என்று மெக்கானிக்குக் கிலி பிடித்துக்கொண்டிருந்தது. மனுஷன் லிஃப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பார், பயம் என்றால் என்னவென்று கேட்பார். இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. வாயைத் திறந்தால் “போகாதே” என்றுதான் வரும், அதைச் சொல்லக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டு திரிந்தார்.

கடைக்காரப் பெண்மணி மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மனைவி அதை ஒற்றைக் கையில் ஏந்திப் பார்த்தாள். “அய்யோ, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கே! பஸ்ல மடியில வெச்சுக்கிட்டே போயிடலாம்.”

“சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிக்கும் மேடம். ரிப்போர்ட், மெயில், வீடியோ கால் எல்லாத்துக்கும் தாராளம். கேம் மட்டும் ஓடாது.”

மெக்கானிக் பேட்டரியையும் பார்க்கவில்லை, ஸ்க்ரீனையும் பார்க்கவில்லை. நேராகக் கீபோர்டின் வலது மூலையில் போய் விரலை வைத்தார். அங்கே ஆரோ கீ நான்கும் கொசுவுக்குச் செய்தது போல இருந்தன. அவருடைய விரல்களோ ஸ்பானர் பிடித்துத் தடித்தவை. மேலே உள்ளதை அமுக்கினால் கீழே உள்ளதும் சேர்ந்து அமுங்கியது.

“இது ஆகாது,” என்று சொல்லிவிட்டு மேஜையின் கோடியில் இருந்த கறுப்புப் பூதத்தின் முன்னால் போய் நின்றார். அகலமான லேப்டாப். ஆரோ கீ ஒவ்வொன்றும் தனியாக, கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. அதன் சார்ஜரே ஒரு செங்கல் கனம்.

“இதையா?” மனைவி ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொத்தென்று வைத்தாள். “அம்மிக்கல்லுங்க! இதைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போறது?”

“கீபோர்டு பெருசு. ரெண்டு பேர் கை வைக்கலாம்.”

“அங்கே நான் ஒருத்திதானே இருக்கப் போறேன்?”

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மெக்கானிக்குச் சுருக்கென்று பட்டது. அந்தக் கறுப்பு லேப்டாப்பின் ஆரோ கீயைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்த விரல்களுக்கு அது பழகிய இடம். அப்போது அவர் தொழில் பழகிக்கொண்டிருந்தார், அவள் லேப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். செருப்புக் கடை மாடியில் ஒரு ப்ரவுசிங் சென்டர். படி ஏறும்போதே புதுச் செருப்பு வாசனையும் சூடான கம்ப்யூட்டர் வாசனையும் கலந்து வரும். பிளைவுட் தடுப்பு, ஒருத்தர் உட்காரத் தோதான பெஞ்சி. காசு ஆளுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு என்பதால் இரண்டு பேரும் ஒன்றையே எடுப்பார்கள். பாதிப் பெஞ்சியில் அவள், பாதிப் பெஞ்சியில் அவர். காசு மிச்சம் என்று வெளியே சொல்லிக்கொள்வது. யாருக்குத் தெரியாது!

ஆடுவது கார் ரேஸ். ஸ்க்ரீனை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கும். கீபோர்டின் இடப்பக்க எழுத்துக்கள் அவளுக்கு, வலப்பக்க ஆரோ கீ அவருக்கு. முழங்கை முழங்கையில் இடிக்கும். வெளியே தெருவில் “வாங்க, போங்க” என்று அடக்க ஒடுக்கமாக வருகிறவள், ரேஸ் ஆரம்பித்துவிட்டால் போதும், “டேய்! வழிவிடுறா கட்டைவண்டி!” என்று கத்துவாள். பக்கத்துத் தடுப்பில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர் வேண்டுமென்றே வழிவிடாமல் ஓட்டுவார், இன்னொரு முறை “டேய்” கேட்பதற்காக.

ஆனால் ஜெயிப்பது என்னவோ அவள்தான். கடைசித் திருப்பத்தில் அவர் கார் திரும்பவே திரும்பாது. கீயை எவ்வளவு அழுத்தினாலும் விறைத்துக்கொண்டு நேராகப் போய்ச் சுவரில் முட்டும். தனக்குக் கை வேகம் போதாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஒரு நாள் பெரிய பந்தயம் போட்டார்கள். தோற்கிறவர்தான் அவள் அப்பாவிடம் போய்க் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும். அன்றைக்கும் கடைசித் திருப்பம் வரைக்கும் முன்னால் போனவர் சுவரில் போய் முட்டினார். மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அவள் அப்பா முன்னால் போய் நின்றார். வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அந்த மனிதர் கடைசியில், “நேர்ல வந்து கேட்டியே, அதுக்காக ஒத்துக்கிறேன்,” என்றார்.

அன்றிலிருந்து இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் அவருடையது. படுக்கையில், சோபாவில், தெருவில் நடக்கும்போதுகூட அப்படித்தான். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் சத்தம் போடாமல் ஆடுவார்கள். அப்புறம் அது கெட்டுப்போயிற்று, பிள்ளையின் படிப்பு, அவள் ஷிஃப்டு, இவர் வேலை என்று ஆட்டமும் அத்தோடு போயிற்று. பாவம், அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு கனக்கும்.

“சார் நல்ல கண்ணு வெச்சிருக்கீங்க,” என்றாள் கடைக்காரப் பெண்மணி. “இது கேமுக்குன்னே செஞ்ச கீபோர்டு. எத்தனை கீயை ஒண்ணா அமுக்கினாலும் அத்தனையும் வேலை செய்யும். பழைய கீபோர்டுல எல்லாம் மூணு கீயைச் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா, நாலாவது கீ செத்துடும்.”

“செத்துடுமா?”

“ஆமா சார். ஒருத்தர் மூணு விரலை வெச்சா அடுத்தவர் கீ வேலையே செய்யாது.”

மெக்கானிக் லிஃப்ட் பட்டன்களோடு காலம் தள்ளியவர். ஒரே கம்பியில் நாலு பட்டனை மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் ஃபேன் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இது தெரியுமா?”

“எது?”

“மூணு விரல்.”

அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “எதேச்சையா ஒரு நாள் கண்டுபிடிச்சேன்.”

“அடிப்பாவி! அப்போ அன்னிக்கு? உங்கப்பாகிட்ட நான் போய் நின்னேனே, அந்தப் பந்தயம்?”

“அன்னிக்கு நீங்க சுவர்ல முட்டுற வரைக்கும் விரலை எடுக்கவே இல்லை,” என்றாள் அவள். “நான் போய்ப் பேசியிருந்தா எங்கப்பா என்னை வெச்சுப் பூட்டியிருப்பாரு. நீங்க போனாத்தான் காரியம் நடக்கும். வேற எதுல வேணா தோத்திருப்பேங்க. அதுல தோக்க எனக்கு மனசில்லை.”

மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை வருஷமாகக் கட்டைவண்டி என்ற பட்டத்தைச் சுமந்தவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைக்காரப் பெண்மணி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“இதுல கார் கேம் இருக்காம்மா?” என்று அவளைக் கேட்டார். “ரெண்டு பேர் ஆடுற மாதிரி?”

இருந்தது. அவள் திறந்து கொடுத்தாள், இரண்டு ஸ்டூலையும் இழுத்துப் போட்டாள். மெக்கானிக் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

“ஒரே ஆட்டம். ஜெயிக்கிறவங்க சொல்றதைத் தோக்கிறவங்க கேக்கணும்.”

மனைவியின் சிரிப்பு சட்டென்று நின்றது. மூன்று வாரமாக அவர் வாய்க்குள் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாதவளா அவள்? “எதைச் சொன்னாலுமா?”

“எதைச் சொன்னாலும்.”

அந்த இடப்பக்க ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முழங்கை வந்து இடித்தது.

ரேஸ் ஆரம்பித்தது. முதல் சுற்றில் அவள் முந்தினாள், இரண்டாவதில் அவர் பிடித்தார். மேஜை ஆடியது. குறுக்கே வந்து மறித்த அவர் காரைப் பார்த்து அவள், “டேய்! தள்ளுடா கட்டைவண்டி!” என்று போட்ட சத்தத்தில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு காலமாயிற்று அந்த “டேய்” கேட்டு!

கடைசித் திருப்பம் வந்தது. அவர் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கடைக்காரப் பெண்மணி சொன்னதெல்லாம் மறந்துபோய் அவள் இடது கை கீபோர்டின்மேல் விரிந்தது. மூன்று விரல்கள் மூன்று கீயில் இறங்கி அழுத்திக்கொண்டு நின்றன.

இந்தக் கீபோர்டிடம் அந்தப் பருப்பு வேகுமா? அவர் கார் சமர்த்தாகத் திரும்பியது. அவர் முட்டியதும் விரலை எடுத்துத் திருப்பலாம் என்று காத்திருந்த அவள் கார்தான் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அவர் ஜெயித்துவிட்டார். ஜென்மத்தில் முதல் தடவை.

அவள் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை இன்னும் எடுக்கவில்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தாள். “சொல்லுங்க,” என்றாள். “வாக்கு கொடுத்துட்டேன். கேக்குறேன்.”

“போகாதே” என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்காகத்தானே இந்தப் பந்தயமே. சொன்னால் அவள் இருந்துவிடுவாள், திங்கட்கிழமை “இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். ஆனால் அந்த மூன்று விரல்களை அவர் பார்த்துவிட்டாரே! தோற்க மனசில்லாத இடத்தில்தான் அவள் அதைச் செய்வாள் என்று இப்போதுதானே சொன்னாள். அன்றைக்கு இந்தத் தடியனுக்காக அழுத்திய விரல்கள், இன்றைக்கு அந்த வேலைக்காக அழுத்திக்கொண்டிருக்கின்றன. அன்றைக்கு மட்டும் அவை தளர்ந்திருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தார்.

அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகக் கீயிலிருந்து எடுத்துவிட்டார்.

“இந்தப் பெரிசைத்தான் நீ எடுத்துக்கிட்டுப் போகணும்,” என்றார். “சின்னது வேண்டாம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “போகணுமா?”

“போகணும். போய் அந்த லேபை ஒரு கலக்கு கலக்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை நான் பஸ் ஏறி வந்துடுவேன். வலப்பக்கம் எனக்கு இடம் வெச்சிரு, அது போதும்.”

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவர் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள். “இந்த அம்மிக்கல்லை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யார் தூக்குறதாம்?”

“ஜெயிச்சவன் தூக்கிக்கிட்டு வர்றேன்,” என்றார் மெக்கானிக். கடைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டார். “இதையே கட்டிக் கொடுத்துடுங்கம்மா.”

வெளியே வந்ததும் அவள் வழக்கம்போல இடப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள். பெட்டியை அவர் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். முழங்கை இடிக்க இருவரும் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். அங்கே திரும்பும்போது அவள் மெதுவாக, “டேய்,” என்றாள். அவர் “ம்,” என்றார்.