ஏழு பிளாஸ்க், ஒரு நாற்காலி

1

ஒரு புகைப்படம் சொதப்பியதால் இந்தக் கதை வந்தது. படம் ஒழுங்காக அமைந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரான மாண்டிவிடியோவில் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சி. தலைப்பு ‘அவசரம்’. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, என்னையே பல தடவை எடுத்து, ஒரே படமாக ஒட்டினேன். ஒரு சமையலறை, அதில் ஏழு நான். ஒருவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். ஒருவன் போனில் கத்துகிறான். ஒருவன் இன்னொரு ஷூவைத் தேடுகிறான். மற்றவர்கள் சும்மா ஓடுகிறார்கள்.

வேறு தொடக்கம்: ‘அனலியா இல்லாத சமையலறையில் வெளிச்சம்கூட...’

[வேண்டாம். வெளிச்சம் அப்படியேதான் இருக்கிறது.]

2

அனலியா என் மனைவி. போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.

வில்மார் அவளுடைய அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து எனக்கு மாத்தே* ஊற்றித் தருவார். கணினியில் படத்தைப் பார்த்தார்.

“மாப்ளே, இது என்ன, பிளாஸ்க் கடை விளம்பரமா?”

அப்போதுதான் கவனித்தேன். ஏழு பேரின் இடது கக்கத்திலும் மாத்தேக்கான வெந்நீர் பிளாஸ்க். ஏழு பேர் கையிலும் மாத்தே குடுவை. எங்கள் ஊரில் அந்தக் கக்கம் வேறெதற்கும் பயன்படுவதில்லை. எடுக்கும்போது எனக்கே தெரியவில்லை.

“ஒரே ரூம்ல ஏழு பேரு, ஆளுக்கொரு பிளாஸ்க். இவனுங்களுக்குள்ள என்ன சொத்துத் தகராறா?”

“எல்லாரும் அவசரத்துல இருக்காங்க, மச்சான்.”

“வீடு பத்தி எரிஞ்சாலும் நம்ம ஊர்ல ஒருத்தன் ஊத்துவான், மத்தவன் குடிப்பான். சங்கத்துல சிரிப்பானுங்க. ஒருத்தனை உக்கார வச்சு ஊத்தச் சொல்லு.”

“எங்க உக்கார வைக்கறது?”

படத்தில் ஏழு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பருகே ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துதான் அனலியா ஊற்றுவாள்.

வில்மார் குடுவையை நீட்டினார். குடித்தேன். “நன்றி” என்றேன்.

“ஒண்ணுலயேவா? அவ போனதுலேர்ந்து இதே கதைதான். மிச்ச வெந்நீரை என்ன, என் தலையில ஊத்திக்கவா?”

*சுரைக்குடுவையில் கசப்பு இலை, மேலே வெந்நீர், உறிஞ்ச ஒரு குழல். எல்லாருக்கும் அதே குழல்தான். ஊற்றுகிறவர் ஒவ்வொருவராகத் தர, சுற்றிச் சுற்றி வரும். ‘நன்றி’ என்றால் ‘போதும், அடுத்த சுற்றில் எனக்கு வேண்டாம்’ என்று பொருள். வேண்டுமென்றால் பேசாமல் இருந்தால் போதும்.

3

இந்தக் கதையில் வரும் வில்மார் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜத்தில் அவர் இவ்வளவு கச்சிதமாகப் பேசுகிறவர் அல்ல. நடுநடுவே ரேடியோவில் பந்தாட்டம் கேட்டு நடுவரைத் திட்டினார். வெட்டிவிட்டேன். இதுவரை எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

“நான் திட்டுனதை ஏன்டா எடுத்த? அது ஒண்ணுதான் நியாயமா பேசுனது.”

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. வில்மார் உட்காருகிறார். அவரே கேட்டார்: “நான் உக்காரட்டா? அவளுக்கும் எனக்கும் ஒரே மூக்குதான்.” ஆனால் அப்புறம் அது என் சுயபடம் ஆகாது. மூக்கும் ஒரே மூக்கு அல்ல.

ஆ. நாற்காலியை வெளியே எடுத்துவிடுவது. எடுத்தேன். தரை ஓட்டில் நான்கு கால்களின் தடம். திரும்ப அதன்மேலேயே சரியாக வைத்தேன்.

இ. நான்

4

படத்தை நாளை கொடுக்க வேண்டும். வெந்நீரைக் கொதிக்கவிடாமல் இறக்கிவிட்டேன். ஏழு பிளாஸ்க்குகளையும் படத்திலிருந்து அழித்தாயிற்று. நிஜப் பிளாஸ்க் மட்டும் என் கக்கத்தில். வில்மார் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்.

“டைமர்ல பத்து நொடி வச்சிருக்கேன். போதுமா?”

“மூணு எட்டு தூரம்தானே, மச்சான்.”

“அதான் கேக்குறேன்.”

ஏழு தடவை அவசரப்படுவதுபோல் நடித்தேன். எட்டாவது தடவை நிஜமாகவே அவசரம். அதுவும் உட்காருவதற்கு.

“அழுத்திட்டேன், மாப்ளே.”

சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும் வரை நான் நின்றுகொண்டிருக்கிறேன். நீங்கள் படித்து முடித்தால் கேமரா எடுத்துவிடும். நாற்காலியில் யார் இருப்பார் என்பதை அப்போது நீங்களே பாருங்கள்.

கடைசியில் வாசகருக்கு நன்றி சொல்வது வழக்கம்.

நான் சொல்லப்போவதில்லை.