விளக்கக் கடிதத்துக்குப் பதிலாக எழுதியது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. ஒரு பக்கக் கடிதம். 'பெறுநர்' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்திருக்க வேண்டியது.

கேட்டவள் என் பள்ளித்தோழி. காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற டவுன் பஸ்ஸில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கினால் ஒரு தொடக்கப் பள்ளி வரும். இரண்டே டீச்சர்கள், முப்பத்தோரு பிள்ளைகள். அந்த இரண்டு டீச்சர்களில் ஒருத்தி அவள். நான் தேனியில் இருந்துகொண்டு கதை எழுதுகிறேன். கதை எழுதுகிறவளுக்குக் கடிதமும் எழுதத் தெரியும் என்று பாவம் நம்பிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"ஏண்டி, ஒனக்கு வார்த்தைய வளைச்சு நெளிச்சு எழுத வரும்ல? ஒரு விளக்கக் கடிதம் வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும். குடுக்கலைன்னா ஸ்மார்ட் போர்டைக் கழட்டிட்டுப் போயிருவாக."

"போனாப் போகட்டும். அது வந்த நாள்ல இருந்து நீ அதைத் திட்டிக்கிட்டுத்தானே இருந்த?"

"போர்டு போனா சுபாஸ்ரீயும் போயிருவாடி" என்றாள்.

அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குக் கடிதம் மறந்துபோயிற்று. கதைக்காரர்களின் கெட்ட குணம் இது. [வாசகர் இங்கே என்னை ஒருமுறை திட்டிக்கொள்ளலாம். கோபம் முழுவதையும் செலவழித்துவிட வேண்டாம்.]

2

தொடக்கங்கள்:

(அ) "மேற்கு மலையில் பனி விலகாத ஒரு காலைப் பொழுதில், பள்ளத்தாக்கு மெல்லக் கண் விழித்துக்கொண்டி" [நிறுத்திவிட்டேன். மலை பாட்டுக்கு இருக்கட்டும். அதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.]

(ஆ) "தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் தொழில்நுட்பத்தின் பயன்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது," [பிரிக்கலாம்தான். இப்படிப் பிரித்துப் பிரித்தே ஆயிரம் பக்கம் அச்சடித்திருக்கிறார்கள். எதிலும் ஒரு பிள்ளையின் மூக்குகூட ஒழுகவில்லை.]

(இ) "தேவயானி அந்தப் போர்டை வெறுத்தாள்." [இது நிற்கும்.]*

* தேவயானி அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. "வேற பேரு வை. வைக்கிறதுதான் வைக்கிற, கொஞ்சம் நல்ல பேரா வை" என்றாள்.

3

தேவயானி அந்தப் போர்டை வெறுத்தாள். வேனில் நான்கு பேர் வந்தார்கள். சுவரைத் துளைத்து மாட்டினார்கள். அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் கை தட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். அதை இயக்குவது எப்படி என்று பெரியகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அங்கே கரண்ட் இல்லை. [நான் அடித்துவிட்டது. கரண்ட் இருந்ததாம், புரொஜக்டர்தான் வேலை செய்யவில்லையாம். உண்மை எனக்குப் போட்டியாக எழுதுகிறது.]

திரும்பி வந்து பத்து மணிக்குப் போர்டைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி அணையும். பிள்ளைகள் "ஊஊ" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அவர்களை அடக்குவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். போர்டைப் பார்க்க வந்த மெக்கானிக் போர்டில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கோளாறு வெளியே இருந்தது. பள்ளிக்கும் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். காலை ஒன்பது மணிக்கு மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அத்தனை தோட்டத்து மோட்டார்களும் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். பள்ளியில் மின்விசிறி சோம்பல் முறிக்கும், போர்டு உயிரை விட்டுவிடும். நாலு மணிக்கு மோட்டார்கள் நிற்கும்போது பள்ளி மணியும் அடித்துவிடும். ஆக, பள்ளி நடக்கிற நேரம் முழுக்க அது சுவரில் தொங்குகிற ஒரு கறுப்புச் சாமான். பக்கத்திலேயே பழைய கரும்பலகை இருந்தது. அதில் சாக்பீஸாவது எழுதியது.

பக்கத்துத் தோட்டக்காரர் சுந்தரலிங்கத்திடம் போய், அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"நான் ஒருத்தன் நிறுத்துனாப் பத்துமா தாயி? ஒம்பது தோட்டக்காரகளும் நிறுத்தணும்ல. கரண்டு விடுறப்பத்தான் தண்ணி பாய்ச்ச முடியும். காய் பிடிக்கிற நேரம் வேற" என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலைல ஏழு மணிக்கு வாங்க. ஒரு மோட்டாரும் ஓடாது. ஒங்க போர்டு ராசா மாதிரி எரியும்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். தேவயானி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

4

ஏழு மணிக்குப் பள்ளியில் யார் இருப்பார்கள் என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே கேட்க மாட்டார்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளா பக்கம் போய்விடும். அப்பா அம்மா இருவரும் ஜீப்பில் போகிற வீடுகளில், பிள்ளைகளைக் குளிப்பாட்டி, யூனிபார்ம் மாட்டி, தூக்குவாளியோடு பள்ளிக் கேட்டில் விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்படி ஏழு பிள்ளைகள். கேட் பூட்டியிருக்கும். அடுத்த தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எட்டு மணிக்குத் தோட்டத்தில் வேலை தொடங்கும். கொத்தில் நெருக்கமாக இருக்கிற பிஞ்சுகளை நறுக்கி எடுக்கச் சின்ன விரல்கள் தோதாக இருக்கும். யாரும் வற்புறுத்துவதில்லை. கத்திரிக்கோல் கைக்கு வரும், அவ்வளவுதான். மணி அடித்தால் நாலு பேர் பள்ளிக்கு வருவார்கள், மூன்று பேர் வரமாட்டார்கள்.

வராதவர்களில் ஒருத்தி மூன்றாம் வகுப்பு சுபாஸ்ரீ. ஜூன் மாதத்தில் வந்தது ஒன்பது நாள். வந்த நாளிலும் வாயைத் திறக்க மாட்டாள்.

தேவயானி கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஏழேகாலுக்குக் கேட்டைத் திறந்தாள். தன் போனிலிருந்து இணையம் கொடுத்துப் போர்டைப் போட்டாள். எரிந்தது. அணையாமல் நின்று எரிந்தது. மாம்பழத்தை இழுத்துக் கூடையில் போடுகிற ஒரு கணக்கு விளையாட்டு. ஆறு பேர் அடித்துக்கொண்டார்கள். சுபாஸ்ரீ கடைசியில் நின்றாள்.

நாலாவது நாள் அவள் பக்கத்தில் வந்து கேட்டாள். "டீச்சர், இதுல எங்கம்மா தெரியுமா? இப்ப எங்கன இருக்கும்?"

தேவயானி வரைபடத்தைத் திறந்தாள். வானத்திலிருந்து எடுத்த படம். முதலில் பள்ளிக் கூரை. பிறகு சாலை. "ஜீப்பு எந்தப் பக்கம் போகும், நீயே தள்ளு" என்றாள். சுபாஸ்ரீ ஒரு விரலால் சாலையைத் தள்ளிக்கொண்டே போனாள். கம்பம் வந்தது. மலை வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் பின்னாலிருந்த ஆறு பேரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று சுபாஸ்ரீ முணுமுணுத்தபடி எண்ணினாள்.

"ஏ புள்ள, அதை எண்ணாத. அது வெறும் வளைவு" என்றான் நாலாம் வகுப்பு கர்ணன்.

"ஒங்கப்பா தூங்கிக்கிட்டே போவாரு, ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் சுபாஸ்ரீ. பள்ளியில் அவள் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

மேலே போனதும் எங்கும் பச்சை. மரத்தைத் தவிர ஒன்றுமில்லை. தேவயானிக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தப் படம் எப்போதோ எடுத்தது என்று விளக்க வாயெடுத்தாள். சுபாஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"மரத்துக்கு அடியில இருக்கும் டீச்சர். அதான் தெரியல."

[இங்கே நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பச்சையை அவள் தொட்டாள், அது அம்மாவின் சேலை என்றெல்லாம். நீக்கிவிட்டேன். எழுதியதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.]

அன்றிலிருந்து தினமும் ஜீப் ஏறினார்கள். ஆறு மணிக்குக் கிளம்பியது, இப்போது ஏழு இருபது, எத்தனை நிமிஷம், எங்கே போயிருக்கும்? நேற்று ஏழு முப்பத்தைந்துக்குப் போர்டு வந்தது, அப்போது எத்தனை? கழித்தல் கணக்கு அப்படித்தான் அவளுக்கு வந்தது. ஜூலையில் அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அவள் அம்மா மலையம்மாளுக்குக் காய்ச்சல். ஜீப்பில் போகவில்லை. அன்றைக்கும் சுபாஸ்ரீ ஏழேகாலுக்கு வந்து நின்றாள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் கல்வித்துறை மலருக்கு ஆகும். மகிழ்ச்சியான கதை. ஆனால் போர்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

5

போர்டு தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தானே ஆபீஸுக்கு அனுப்பிவிடும். அங்கே இருக்கிற கணினி ஒன்பது பத்திலிருந்து நாலு மணி வரை மட்டும்தான் எண்ணும். அதுதான் பள்ளி நேரம். மூன்று மாதத்துக்கான அறிக்கையில் 'வகுப்பறைப் பயன்பாடு: 0' என்று வந்தது. கீழே இன்னொரு வரி: 'பள்ளி நேரத்துக்கு வெளியே பயன்பாடு: 94 மணி நேரம்.'

கல்வி அதிகாரி விஜய்ராஜ் போன் செய்தார். "பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முன்னாடி அங்கன யாரு டீச்சர் படம் பாக்குறாக?"

முதல் வரைவில் இந்த விஜய்ராஜுக்குத் தொப்பையும் மீசையும் வைத்து, ஒரு வில்லத்தனமான ஏப்பமும் கொடுத்திருந்தேன். ஆள் அப்படித்தானே இருப்பார் என்று கேட்டதற்கு தேவயானி போனில் கத்தினாள்.

"அவுகளுக்குத் தொப்பையெல்லாம் இல்லடி. ஒல்லியா இருப்பாக. அம்பத்தெட்டுப் பள்ளிக்கூடம் பாக்குறாக, மத்தியானச் சோத்த வண்டி சீட்டுல வச்சுத்தான் தின்பாக. நான் சொன்னதைக் கேட்டுட்டு, 'புரியுது டீச்சர், ஆனா அதுல ஏழு மணின்னு ஒரு கட்டமே இல்லையே'ன்னாக. அவுக மேல கோவமே வர மாட்டேங்குது. அதுதாண்டி எனக்குக் கோவம்."

எனக்கும் அதுதான் எரிச்சல். எல்லாரும் நல்லவர்களாக இருந்துகொண்டு ஒரு பிள்ளையை வெளியே தள்ளுகிற கதையை எப்படி எழுதுவது? ஒரு கெட்டவன் இருந்தால் எட்டுப் பக்கம் மிச்சம்.

தலைமையாசிரியை ஞானபாக்கியத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அவர் சொன்னதும் சரிதான். "உள்ளதை எழுதுனா, அனுமதி இல்லாம பிள்ளைகள ஏழு மணிக்கு எப்பிடி உள்ள விட்டீகன்னு கேப்பாக. ஒரு பிள்ளை விழுந்து கைய ஒடிச்சிருந்தா யாரு பொறுப்பும்பாக. பொய் எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பொய்யும் இருக்கக் கூடாது, மாட்டிக்கிறவும் கூடாது. அப்படி எழுத ஆள் இருந்தா எழுதிட்டு வா."

அந்த ஆள்தான் நான்.

6

இனி முடிவுகள்.

(அ) விஜய்ராஜ் ஒருநாள் காலை ஏழேகாலுக்குத் தானே வந்து பார்க்கிறார். ஏழு பிள்ளைகள் மலையேறிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கண் கலங்க, கணினியில் ஏழு மணிக்கு ஒரு கட்டம் திறக்கப்படுகிறது. [ஐம்பத்தெட்டுப் பள்ளிக்காரர் ஏழேகாலுக்கு எங்கே வருவார்?]

(ஆ) ஒன்பது தோட்டக்காரர்களும் கூடிப் பேசி, தினமும் பத்தரையிலிருந்து பதினொன்று வரை மோட்டாரை நிறுத்துகிறார்கள். [எட்டுப் பேர் நிறுத்துவார்கள். ஒன்பதாவது ஆள் தனக்குத் தண்ணீர் அதிகம் வருகிறதே என்று சந்தோஷமாக ஓட்டுவார்.]

(இ) நல்ல தமிழில், பொய் இல்லாத, மாட்டிக்கொள்ளாத ஒரு கடிதம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ் போய்ச் சேருகிறது. [

7

மேலே அந்த அடைப்புக்குறியை மூட முடியவில்லை.

புதன்கிழமை தேவயானி கேட்டாள், "எழுதிட்டியா?" எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. வியாழக்கிழமை கேட்டாள். "நல்லா வருதுடி" என்றேன். அதுவும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. நாலாம் பகுதியில் இருந்தேன். "அதான் தெரியல" என்பதோடு பத்தியை முடிப்பதா, இன்னும் ஒரு வரி வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலேகாலுக்கு மறுபடி மணி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து பத்துக்கு நானே கூப்பிட்டேன். "முடிஞ்சிருச்சுடி! அருமையா வந்திருக்கு!"

"கடிதமா, கதையா?" என்றாள்.

அவள் திட்டவில்லை. நாலரை மணிக்குத் தானே நாலு வரி எழுதி ஞானபாக்கியம் டீச்சரிடம் நீட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். திங்கட்கிழமை வேன் வந்தது, அதே நான்கு பேர். செவ்வாய்க்கிழமை காலை ஏழு பிள்ளைகளும் வந்தார்கள். தேவயானி கரும்பலகையில் மலைச் சாலையை வரைந்து காட்டினாள். புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை சுபாஸ்ரீ பந்தலுக்குள் இருந்தாள். கூப்பிட்டதற்கு, "நாளைக்கு வாரேன் டீச்சர்" என்றாளாம், கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே. அது ஒன்பது நாளைக்கு முன்னால்.

இந்தக் கதையில் ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை என்று அங்கலாய்த்தேனே. வெட்கமாக இருக்கிறது.

8

மேல்முறையீடு செய்யப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. இணையத்தில் ஒரு பெட்டி வரும், அதற்குள் எழுத வேண்டும். முந்நூறு எழுத்துக்கு மேல் அது வாங்காது. தேவயானி அந்தப் பெட்டியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வார்த்தைகூட இல்லை. இப்போது ஞானபாக்கியம் டீச்சர் உள்ளதை எழுதினாலும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டாராம். அவரும் அந்தப் பந்தலைப் பார்த்துக்கொண்டுதானே தினமும் கேட்டுக்குள் நுழைகிறார்.

இன்று பதின்மூன்றாவது நாள். பன்னிரண்டு நாளும் நான் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். பெருந்தன்மையால் இல்லை. விவரமெல்லாம் மேலே இருக்கிறது. ஜீப் ஆறு மணி, கேட் ஏழேகால், மோட்டார் ஒன்பது. பிள்ளைகள் ஏழு. முந்நூறு எழுத்துக்குள், இன்றைக்கே, எப்படி வருகிறதோ அப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் உட்கார்ந்தால் நன்றாக எழுதப் பார்ப்பேன்.