இடது கையால் வெட்டிய இறக்கை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் ஜெராக்ஸ் கடைப் பிரிண்டரில் சிக்கியது. விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகளுக்குப் போகும் சாலையில் கடை. பிப்ரவரியில் ஒருநாள் அருள்மேரி அக்கா பென் டிரைவைக் கொடுத்து, அதிலிருந்த வரைபடத்தைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் அடித்துத் தரச் சொன்னார். அறுபது வருடத்துக்கு முந்தைய ராக்கெட் கிளைடர் படம். ராக்கெட்டாக மேலே போய், உச்சியில் குழாயை உதறிவிட்டு, விமானம்போல மிதந்து இறங்குவது. அட்டை மூன்று முறை சிக்கியது. நான்காவது முறை, எதற்கு என்று கேட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் அவளை அழைத்துக்கொண்டே (இல்லை. யாரும் அழைக்கவில்லை. மதிய வெயிலில் குடையோடு அவராகவே வந்தார்.)

நாற்பத்தாறு வயதில் ஒருத்தி அட்டையில் விமானம் செய்தால் ஊர் என்ன (ஊருக்கு வேறு வேலை இருக்கிறது.)

நடந்ததையே சொல்கிறேன். அருள்மேரி அக்கா பொம்மை யூனிட்டில் இருபது வருடமாகக் கண் வரைபவர். கண் 'போடுவது' என்றுதான் அங்கே சொல்வார்கள். போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரையில் குறைந்தது, நிற்கவில்லை. சூப்பர்வைசர் தங்கராசு அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அக்கா சண்டை போடவில்லை. இடது கையைப் பழக்குவதென்று முடிவெடுத்தார். அந்த வாரம் யாரோ பழைய படத்தை வைத்து அட்டைக் கிளைடர் செய்வதைப் போனில் பார்த்திருக்கிறார்.

"பொம்மைக்குக் கண்ணு கோணிப்போனா மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க தம்பி. இது அப்படி இல்ல. ரெக்க ஒரு நூல் கோணினாலும் விழுந்துடும்."

3

முதல் பிரதியில் அவர் கணவர் பிலோமின்ராஜை, அக்காவைத் திட்டுகிறவராக எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் எதிரி வேண்டுமே. கை நடுக்கத்தை, மரியாதை கருதி, எடுத்துவிட்டிருந்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். ராக்கெட் மருந்து இங்கே கிடைக்காததால், தண்ணீர் பைப்பையும் சைக்கிள் பம்பையும் இணைத்துக் காற்றழுத்தத்திலேயே ஏவுவதற்கு வழி செய்ததே அவர்தானாம்.

"நடுக்கத்த ஏன் எடுத்தீங்க? அது இல்லன்னா நான் சும்மா அட்டை வெட்டுறவ. திருப்பி வைங்க."

வைத்துவிட்டேன்.

(அடிக்குறிப்பில் போக வேண்டியது: முதல் ஒன்பது கிளைடர்களும் மூக்கு தரையில் குத்தி விழுந்தன. பத்தாவது முந்திரி மரத்தில் சிக்கியது. பதின்மூன்றாவதை வெட்டும்போது வலது கட்டைவிரலில் கத்தி பட்டு ஒரு வாரம் வேலை நின்றது. எட்டாவது நாள் பத்து அட்டை கேட்டு வந்தார்.)

4

இன்று காலை, ஞாயிறு பூசை முடிந்து, மூடிக்கிடக்கும் சூளைக்குப் பின்னாலுள்ள திடலில் பதினேழாவதை ஏவினார்கள். அக்கா தங்கராசுவையும் வரச் சொல்லியிருந்தார். அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

பிலோமின்ராஜ் பம்ப் அடித்தார். அக்கா வால்வைத் திறந்தார். பட்டென்று ஒரு சத்தம். கிளைடர் சூளையின் புகைபோக்கி உயரத்துக்குப் போனது, குழாய் கழன்று விழுந்தது. கிளைடர் விழவில்லை. மெதுவாகச் சாய்ந்து ஒரு வட்டம், இன்னொரு வட்டம், பாதி வட்டம். பத்தொன்பது வினாடி. யாரும் கைதட்டவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தங்கராசு இறங்கிப் போய் அதை எடுத்தார். இரண்டு இறக்கைகளின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இடது கையாலயா?"

"ஆமாங்க."

"நாளைக்கு நாலு பொம்மை தரேன். போட்டுக் காட்டு. பாக்கலாம்."

5

முடிவு ஒன்று: நான்கும் கச்சிதமாக வந்தன.

முடிவு இரண்டு: மூன்றாவது பொம்மையில் தூரிகை

முடிவு மூன்று: எல்லாம் சரியாக வந்தும் தங்கராசு

மாலை கடைக்கு வந்த அக்காவிடம், கதைக்கு முடிவு என்று சொல்லி மூன்றையும் நீட்டினேன். படிக்காமலே தாளைக் குப்புறப் போட்டார்.

"நாளைக்கு நான் கண்ணு போடுறதுக்கு முன்னாடி நீங்க கண்ணு போட்டுடாதீங்க தம்பி."

கிழித்துவிட்டேன். நீங்களும் மனதுக்குள் ஒரு முடிவை எழுதியிருப்பீர்கள். இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு அவர் தூரிகையை எடுக்கும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.