லவெல் குடும்பத்துப் பாட்டு

ஃபின்டன் லவெல் எங்கள் ஐரிஷ் மன்றத்தின் தலைவர். க்ளீவ்லாந்தின் மேற்குப் பக்கத்தில் அவரைத் தெரியாத ஐரிஷ்காரர் யாராவது இருந்தால், அவர் போன வாரம் குடிவந்தவராக இருக்க வேண்டும். கால் இரண்டும் நன்றாக இருந்தும் கறுப்பு முள்மரக் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். ஜூலை வெயிலிலும் கம்பளித் தொப்பி. "எங்க தீவுல..." என்று அவர் ஆரம்பித்தால் கேட்பவர்கள் நாற்காலி தேடிக்கொள்வது நல்லது. ஐரிஷ் கரையோரத்தில் பாலம் போட்டு இணைத்த, தாத்தா பிறந்த அந்தத் தீவுக்கு அவர் ஒரே ஒரு தடவைதான், சுற்றுலா பஸ்ஸில் போனார். மழை பெய்ததால் இறங்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மன்றத்துச் சமையலறையில் அவருடைய மனைவி ஓல்கா பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்குகிறேன். அவ்வளவுதான் சொல்வேன்.

தலைவருடைய பெருமைகளிலேயே பெரியது, பாட்டு. ஒரு துக்க வீட்டில், பாஸ்டனிலிருந்து வந்த ஒரு ஆள் தன் குடும்பத்துப் பழம்பெருமையை அவிழ்த்துக்கொண்டே போனபோது, உள்ளே போயிருந்த பியர் ஃபின்டனைப் பேச வைத்தது. "எங்க தாத்தா கப்பல்ல வரும்போது ஒரு பாட்டைக் கொண்டுவந்தாரு. சுத்தமான ஐரிஷ். எங்க குடும்பத்துக்கு வெளியில யாரும் கேட்டதில்ல. கேட்கவும் கூடாது." சொன்ன மாத்திரத்தில் வீடே அமைதியாகிவிட்டது. இறந்தவருக்குக்கூட அவ்வளவு அமைதி கிடைக்கவில்லை. அந்த ருசி அவரை விடவில்லை. வருஷத்துக்கு வருஷம் பாட்டு வளர்ந்தது. அதில் ஒரு புயல் வந்தது, ஒரு மணப்பெண் வந்தாள், பிறகு ஒரு சாபமும் சேர்ந்துகொண்டது. வராதது பாட்டு மட்டும்தான்.

சமையலறைப் பெண்கள் ஒரு நாள் ஓல்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீயாவது கேட்டிருக்கியா?" ஓல்கா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஸ்லோவாக் குடும்பத்துப் பெண். ஆனால் எங்கள் மன்றத்தில் அவளைப்போல் சோடா ரொட்டி சுடும் ஐரிஷ்காரி கிடையாது. புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்லிவிட்டாள்: "கல்யாணத்தன்னைக்கு ராத்திரி ஒரு தடவை பாடினாரு. நான் அழுதுட்டேன்." அதன்பிறகு பாட்டுக்குச் சாட்சியும் ஆயிற்று.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மரேட் வரப்போவதாகச் செய்தி வந்தது.

மரேட் அந்தத் தீவிலேயே பிறந்தவள். பழைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கற்றுப் பாடுகிறவள். மார்ச் மாத ஐரிஷ் திருநாள் ஊர்வலம் முடிந்த மறுவார ஞாயிறு மதியம் எங்கள் மன்றத்தில் பாட ஒப்புக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் தலைவரிடமே சொல்லியிருந்தாள்: "உண்மையைச் சொன்னா, நான் பாட வரல. லவெல் பாட்டைக் கேட்கத்தான் வர்றேன்."

அன்றிலிருந்து ஃபின்டனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கைத்தடி உண்மையிலேயே தேவைப்பட்டது.

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன்," என்றார் ஓல்காவிடம்.

"தொண்டை கட்டினவன் தலைமை உரை எப்படிப் பேசுவான்?"

"அப்ப தலைமை உரை வேண்டாம்."

ஓல்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். "கடவுளே, உனக்கு நிஜமாவே உடம்பு சரியில்ல."

"எல்லாம் உன்னாலதான். எதுக்குடி அழுதேன்னு சொல்லித் தொலைச்சே?"

"அழுதது நிஜம்தான். நீ விட்ட குறட்டைக்கு யாரா இருந்தாலும் அழுதிருப்பா."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாடி முடித்தவருக்கே அடுத்தவரை அழைக்கும் உரிமை. அழைத்துவிட்டால் எழுந்தே ஆக வேண்டும். பாட வராதவர் கதை சொல்லலாம், செய்யுள் ஒப்பிக்கலாம். மறுக்க மட்டும் கூடாது. வாலிபத்தில் ஒரு தடவை மறுத்துவிட்டார் என்பதற்காக ஒருவரை ஆயுசுக்கும் ஊமை ஸ்வீனி என்றே கூப்பிட்டோம். அவர் சவப்பெட்டியருகே நின்ற பாதிரியாரே 'ஊ' என்று ஆரம்பித்து இருமிச் சமாளித்தார். மரேட் பாடி முடித்தால் யாரை அழைப்பாள் என்பது எங்கள் மன்றத்துப் பூனைக்கும் தெரியும்.

அதனால் ஃபின்டன் ஒரு திட்டம் போட்டார். அன்று சாயங்காலம் கூடத்தை ஒரு கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதுவரை பொழுதை ஓட்டிவிட வேண்டும். அதற்கு எங்களிடம் ஆஸ்டின் கில்பேனைவிடச் சிறந்த ஆள் இல்லை. ஆஸ்டின் பெரியவருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. ஒரு கப்பல் மூழ்குகிற கதை. கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சரணம் உண்டு. அந்தக் கப்பல் மூழ்குவதற்குள் எங்கள் டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிடும். அதனாலேயே அவரை யாரும் பல வருஷமாக அழைப்பதில்லை.

"பெரியவரே, இன்னைக்கு நீங்கதான் ஆரம்பிக்கணும்," என்றார் ஃபின்டன் வாசலிலேயே மடக்கி.

"நானா? முழுசாவா?"

"ஒரு சரணத்தைக்கூட விடக் கூடாது. முடிச்சதும் டர்கன் டீச்சரை அழைங்க. பிள்ளைங்க ஆடும்."

ஆஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தைத் தலைவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கூட்டம் நிரம்பி வழிந்தது. மரேட் முன்வரிசையில், சாதாரணச் சாம்பல் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. சுருள்முடி விக்கும் பூவேலைக் கவுனுமாக டர்கன் டீச்சரிடம் ஐரிஷ் நடனம் கற்கும் சிறுமிகள் சுவரோரம் வியர்த்து நின்றார்கள். ஆஸ்டின் பாடினார். சமையல்காரன் மூழ்கினான். மாலுமிகள் மூழ்கினார்கள். ஃபின்டன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சாவுக்கும் உள்ளுக்குள் மகிழ்ந்தார். கடைசியில் கேப்டனும் மூழ்கினார்.

கைதட்டல் அடங்கியதும் ஆஸ்டின் நிமிர்ந்தார். "இத்தனை வருஷத்துல என்னை மதிச்சுக் கூப்பிட்டது ஒரே ஒரு மனுஷன். அந்த மரியாதைக்கு நான் திருப்பிச் செய்யறதுக்கு என்கிட்ட இந்த அழைப்பு ஒண்ணுதான் இருக்கு. தலைவரே, எந்திரிங்க. அந்தப் பாட்டைப் பாடுங்க."

  எழுந்தது ஃபின்டனா, பின்னாலிருந்து யாரோ தூக்கிவிட்டார்களா என்று தெரியவில்லை. தலைவருக்கான பச்சை நாடா மார்பில் படபடத்தது. கூடத்தில் ஒரு ஸ்பூன் சத்தம்கூட இல்லை. என்றோ ஒரு துக்க வீட்டில் அவருக்குப் பிடித்துப்போன அதே அமைதி. இப்போது அது அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

மரேட் ஒலிப்பதிவுக் கருவியோடு எழுந்து வந்தாள். அவர்கள் தீவில் பாடுகிறவரின் கையைப் பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொண்டு, காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் பிடியைச் சுற்றுவதுபோல மெல்லச் சுற்றுவார்கள். பாட்டு சிக்காமல் வருமாம். அவள் அவர் கையைப் பிடித்தாள். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. சுற்ற ஆரம்பித்தாள்.

கை சுற்றியது. பாட்டு வரவில்லை. இன்னொரு சுற்று. யாரோ இருமினார்கள். 'ஊமை லவெல்' என்ற பெயர் அவர் கண்ணுக்கு முன்னால், கல்லறைக் கல்லில் செதுக்கியதுபோலத் தெரிந்தது.

"பாட்டு இல்ல," என்றார்.

"சத்தமா, தலைவரே!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பாட்டே இல்லைங்கறேன்! எங்க தாத்தாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. வீட்ல யாராவது முணுமுணுத்தா பூட்ஸைத் தூக்கி எறிவாரு. கப்பல்ல அவரு கொண்டுவந்தது மூட்டுவலி ஒண்ணுதான். நான் குடிச்சிட்டு உளறினேன். நீங்க நம்பினீங்க. அப்புறம் நிறுத்தத் தெரியல. புயலும் நான் விட்டதுதான், சாபமும் நான் விட்டதுதான். என் பொண்டாட்டி அழுதது குறட்டைக்கு!"

 கூடம் சிரிப்பில் வெடித்தது. ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். "பூட்ஸாம்! மூட்டுவலியாம்!" "தலைவருக்குள்ள இப்படி ஒரு நடிகன் இருக்கான்னு தெரியாமப் போச்சே!" இதுவரை எங்கள் கூடத்தில் யாரும் சொல்லாத நல்ல கதை என்று ஆஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபின்டன் மலங்க மலங்க விழித்தார். ஆயுளில் ஒரு தடவை உண்மையைச் சொல்லியாயிற்று. அதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மரேட்டும் சிரித்தாள். ஆனால் கையை விடவில்லை. "கதை பிரமாதம். சரி, இப்பப் பாட்டு?"

 மூழ்குகிறவனுக்குப் பலகை அகப்பட்டதுபோல அப்போதுதான் அவருக்கு வழக்கம் ஞாபகம் வந்தது. "கதை சொல்லிட்டேன். என் முறை முடிஞ்சுது. அழைப்பு இப்ப என் கையில."

 அடுத்தது யார்? அரச பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் செயலாளர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். மாமா பெரிய பைப் வாத்திய வித்வான் என்று சொல்லும் பொருளாளருக்குத் திடீரென்று கழிப்பறை ஞாபகம் வந்தது. ஃபின்டன் யாரையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலை மட்டும் பார்த்தார். அங்கே ஓல்கா, ஈரக் கையோடு, 'வேண்டாம்' என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓல்கா," என்றார். "அந்தப் பாட்டைக் கேட்டவ நீ ஒருத்திதான்."

"வீட்டுக்கு வா, வெச்சிக்கிறேன்," என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டே அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவள் பிடரி வெளுத்திருந்தது.

"எனக்கு உங்க பாஷை தெரியாது. வார்த்தை ஞாபகமில்ல," என்றாள். "ராகம் மட்டும்..."

மரேட் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். ஓல்கா கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் ஒரு பெருமூச்சு போகும் அளவுக்கு மெதுவாக. குரல் நடுங்கியது. அது பயத்தில் வந்த நடுக்கம். கேட்டவர்களுக்கோ அது கடலில் போனவர்களுக்கான புலம்பலாகக் கேட்டது. பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள். மரேட்டின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

ஃபின்டனும் கேட்டார். முதல் வரி போனது, இரண்டாவது வரி போனது. மூன்றாவது வரியில் சட்டென்று ஓல்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்த ராகம் அவருக்குத் தெரியும். அவர்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், லோரெய்ன் ரோட்டிலிருந்த ஒரு கார்பெட் கடைக்காக ரேடியோவில் தினமும் காலையில் துள்ளித் துள்ளி வந்த விளம்பரம். கடை எப்போதோ மூடிப்போனது. ஆனால் அன்று அந்த ரேடியோவைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. அவ்வளவு உருக்கம்.

"இதைத் தீவுக்குக் கொண்டுபோறேன்," என்றாள் மரேட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வயசானவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போட்டுக் காட்டுவேன். அடுத்த வருஷம் இங்க வந்து நானே பாடறேன். இந்த ஊர் ரேடியோவுலயும் பாடச் சொல்லிக் கேட்டிருக்காங்க."

"ரேடியோவுலயா?" என்றார் ஃபின்டன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆஸ்டின் கில்பேன் மட்டும் எழுந்து நின்றிருந்தார். நெற்றியைச் சுருக்கி, விரலால் நாற்காலி முதுகில் ஏதோ தாளம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக.

"தலைவரே," என்றார், "இதை நான் எங்கேயோ கேட்டிருக்கேன்."

"உங்க அம்மா பாடியிருப்பாங்க, பெரியவரே," என்றாள் ஓல்கா அவசரமாக.

"இருக்கலாம், இருக்கலாம்," என்றார் ஆஸ்டின். ஆனால் விரல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டினார்.

மரேட் எப்போதோ ஃபின்டனின் கையை விட்டுவிட்டாள். அந்தக் கை தானாகவே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.