மொத்த விலை

குழவியால் கற்பூரத்தை நுணுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள் ரஹ்மத்துன்னிசா.

"மையத்த எடுக்குறப்ப நீங்க நின்னு பேச வேணாம்."

சிரம்பான் தெமியாங்கில் வாங்கிய கபன் துணிப் பொட்டலத்தோடு அடுக்களை வாசலில் நின்ற கனி, காதில் விழாதது போல இருந்து பார்த்தார். கடையில் யாராவது ஒத்துவராத விலை சொன்னால் அப்படித்தான் நிற்பார். கொஞ்ச நேரம் பேச்சு வராவிட்டால் எதிராளிக்கே தாங்காது. வாயைத் திறந்து இறங்கி வருவான். இவள் இறங்கவில்லை.

மலேசியாவில் இந்த லாபு பக்கம் மையத்து வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பு, இறந்தவரின் உறவில் ஓர் ஆண் கூட்டத்துக்கு முன்னால் நிற்பார். இவர் உங்கள் மனசை நோகடித்திருந்தால் பொறுத்து ஹலாலாக்கிவிடுங்கள் என்று கேட்பார். கூட்டம் 'ஹலால்' என்று சொல்லும். அப்புறம்தான் தூக்குவார்கள். இறந்துபோன உசைருக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ஆண் உறவு, அக்காள் புருஷன் கனிதான்.

"நான் இல்லாம யாரு நிப்பா, நிசா? அவன் பொண்டாட்டி புள்ளைங்க ஊர்ல கெடக்காங்க. இங்க வேற யாரு இருக்கா?"

"அது தெரியல. நீங்க வேணாம்."

"சரி, இமாம் பேசட்டும். நான் பக்கத்துல சும்மா நிக்கிறேன்."

"வேணாம்."

"வாயே தெறக்கல. தலைய மட்டும் ஆட்டுறேன்."

"ஆஃபியா வாப்பா." மகள் பெயரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். "என் தம்பி யாருக்கு என்ன செஞ்சான்? அவனப் பொறுத்துக்கங்கன்னு நீங்க கேக்குறதா?"

பசாரில் மீன் விலை படியாவிட்டால் ரஹ்மத்துன்னிசா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் மீன்காரன் கூப்பிடுகிறவரைக்கும்தான் அந்த நடை. இப்போது அவள் எழுந்து போகவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்து நுணுக்கினாள். நடந்து போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்தலாம். உட்கார்ந்திருப்பவளிடம் பேச என்ன இருக்கிறது? கனி பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் பின்னால், கடையின் தார்ப்பாலினை நான்கு பக்கமும் கட்டி மறைத்திருந்தார்கள். குளிப்பாட்ட மசூதியிலிருந்து இரண்டு மலாய்க்காரர்கள் வந்திருந்தார்கள். கனி தண்ணீர் மொண்டு கொடுத்தார். தலை, வலது பக்கம், இடது பக்கம் என்று முறையாகப் போய்க்கொண்டிருந்த கை வலது பாதத்துக்கு வந்ததும் ஒரு நொடி நின்றது. பாதத்தில் பாதிதான் இருந்தது. மூத்தவர் கனியைப் பார்த்தார். கனி தண்ணீரை ஊற்றினார்.

முதலில் அது கொத்தமல்லி விதை அளவுதான் இருந்தது. உள்ளங்காலில், கறுப்பாக.

உசைர், கனியின் சாப்பாட்டுக் கடை ரொட்டிக்கல்லில் நிற்பவன். விடிவதற்கு முன்னால் ஏறினால் வெயில் சாயும்வரை நின்றே கிடப்பான். ரொட்டிக்கல்லில் நிற்கிறவனுக்குக் கால் ஆணி வருவது வியாபாரத்தில் சேர்த்தி. கனிக்கே இரண்டு காலிலும் வந்து போயிருக்கிறது. ஆகவே தன் மருந்துப் பிளாஸ்டரையும் ஒரு பிளேடையும் மச்சானுக்குக் கொடுத்தார். உசைர் சீவினான், ஒட்டினான், மறுபடி சீவினான். ஆணியாக இருந்தால் அத்தனை சீவலுக்கு ஆளைவிட்டு ஓடியிருக்கும். இது பெருத்தது. ஓரம் கிழிந்த மாதிரி பரவியது. ஒருநாள் செருப்பில் ரத்தம்.

சுங்கை காடுட்டில் ஒரு ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கும் ஆஃபியாதான் அதைக் கவனித்தாள். "மாமா, இது ஆணி மாதிரி இல்ல லா" என்று படம் பிடித்தாள். அந்த வாரமே காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு சிரம்பானில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனாள். கனியும் போனார். விலை பேசும் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகளை மட்டும் அனுப்புகிற ஆள் அவர் இல்லை.

டாக்டர் தமிழ்ப் பெண். விளக்கை வைத்துப் பார்த்தாள், கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"இது ஆணி இல்ல அங்கிள். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். நம்ம ஆளுங்களுக்குத் தோல் கேன்சர் வந்தா பெரும்பாலும் உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் வரும். யாரும் பாக்குறதில்ல."

"எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?"

"டெஸ்ட்டுக்கு மட்டும்தான் இப்ப சொல்ல முடியும்."

"அப்படி இல்லமா. டெஸ்ட்டு, வெட்டுறது, பெட்டு, மருந்து. மொத்தமா சொல்லுங்க."

"வெட்டணுமா, எவ்வளவு வெட்டணும்னே டெஸ்ட்டு வந்தாத்தான் தெரியும், அங்கிள்."

இருந்தாலும் சுமாராகச் சொன்னாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் உசைர் வேலை பெர்மிட்டில் இருக்கிற ஆள், வெளிநாட்டுக்காரன் கட்டணம், முன்பணம் கட்ட வேண்டும். பெர்மிட்டோடு வருகிற இன்சூரன்ஸ் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். தனியார் என்றால் அதற்கும் மேலே. கனி கேட்டுக்கொண்டார். கேஷாகக் கொடுத்தால் என்ன கழிவு என்றும் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"யோசிங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

அந்தச் 'சீக்கிரம்'தான் கனிக்குத் தெம்பு தந்தது. அவருடைய வாப்பா சைக்கிளில் ஜவுளிக் கட்டை வைத்து எஸ்டேட் எஸ்டேட்டாக விற்றவர். அவசரப்படுத்துகிற கடைக்காரனிடம் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, நாலு நாள் தள்ளிப் போனால் அவனே குறைப்பான் என்பது அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து. வெங்காயத்தில், சீனியில், பழைய லாரியில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

டெஸ்ட்டை மட்டும் செய்வதென்றால் அன்றைக்குக் கல்லாவில் கிடந்த காசே போதும். ஆனால் சில்லறையில் வாங்கிக் கனிக்குப் பழக்கமில்லை.

பிறகு நடந்தது பேரம். சிரம்பானில் கேட்டார், கோலாலம்பூரில் கேட்டார். ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் படத்தை அனுப்பி மதுரையில் விசாரிக்கச் சொன்னார். மதுரை விலையைத் திருச்சியில் சொன்னார், திருச்சி விலையை மதுரையில் சொன்னார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து இறங்கிக்கொண்டிருந்தன. கடையில் சாப்பிட வந்தவர்களெல்லாம் கறிக்கோழி விலை மாதிரி அதை விசாரித்தார்கள். ஆஃபியா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "வாப்பா, டெஸ்ட்டாச்சும் இங்க எடுத்துருவோம் லா" என்றாள். "மொத்தமா பேசுறப்ப பாதிய இங்க குடுத்துட்டா, அங்க எப்படிமா கொறைப்பான்?" என்றார் கனி. உசைருக்கோ பெருமை பிடிபடவில்லை. காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, "விடாதீங்க மச்சான், இன்னும் எறங்குவான்" என்பான்.

பெர்மிட் புதுப்பிக்கக் கொஞ்ச நாள் போனது. பள்ளி விடுமுறை முடிந்தால் டிக்கெட் மலியும் என்று கொஞ்ச நாள் போனது. கடைசியில் மதுரைதான் படிந்தது. ரூம் வாடகையும் துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடும் உள்பட, கேட்டவர்கள் வாயைப் பிளக்கிற விலை. போய்ப் படுத்த பிறகுதான், வெட்ட வேண்டியது கொத்தமல்லி விதை இல்லை, பாதிப் பாதம் என்று சொன்னார்கள். தொடை இடுக்கிலும் கட்டி ஒன்று இருக்கிறது என்றார்கள். பேசிய விலைக்கே செய்தும் கொடுத்தார்கள்.

ஊரில் நான்கு வாய்கள் சாப்பிட வேண்டும் என்று உசைர் திரும்பி வந்தான். பஞ்சு வைத்த ஷூ போட்டுக்கொண்டு ரொட்டிக்கல்லில் ஏறினான். மழைக்காலம் தொடங்கும்போது இருமல் வந்தது. அதற்கு மேல் யாரும் யாரிடமும் விலை கேட்கவில்லை.

கபனிட்டு முன்கூடத்தில் கிடத்தியதும் ஆஃபியா போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் உசைரின் மனைவி. அழுது முடித்த முகம். "முகத்துக்கிட்ட கொண்டு போமா" என்று மட்டும் சொன்னாள்.

கனி வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மணியம் நின்றிருந்தார். எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்குக் கீரையும் கத்தரிக்காயும் கொடுப்பவர்.

"மொதலாளி, மனசுல எதையும் வச்சிக்காதீங்க லா. நீங்க அலைஞ்ச மாதிரி கூடப் பொறந்தவன்கூட அலைய மாட்டான். எங்க லயத்துல எல்லாத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன், மொதலாளி மதுரைல முடிச்ச வெலைய."

"விடுங்க மணியம்."

"ஏன் விடணும்? கெட்டிக்காரத்தனத்த சொல்லத்தானே வேணும்?" மணியம் குரலைத் தணித்தார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. என் குதிகால்லகூட கறுப்பா ஒண்ணு இருக்கு. எல்லாம் முடிஞ்ச பொறவு, நீங்கதான் எங்கயாச்சும் பேசிக் குடுக்கணும்."

"எங்க? காட்டுங்க."

"இப்பவா?"

"செருப்பக் கழட்டுங்கன்னேன்!"

மையத்து வீட்டு வாசலில் முதலாளி குனிந்து மண்டோரின் குதிகாலைப் பிடித்துப் பார்த்ததை நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கனிக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சமா, பனங்காட்டுக் கறையா, வேறெதுவுமா?

"நாளைக்குக் காலையில ஆஃபியா கூட்டிட்டுப் போவா. நீங்க இந்த நாட்டு ஆளு, ஐ.சி. இருக்கு. கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒரு வெள்ளி, அஞ்சு வெள்ளிக் காசோட முடிஞ்சிரும்."

"அஞ்சு வெள்ளியா? கொறைக்க மாட்டானா?" என்று மணியம் பல்லைக் காட்டினார்.

கனி சிரிக்கவில்லை. மணியம் பல்லை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

உள்ளே இமாம் தொண்டையைச் செருமினார். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைச் சுற்றி ஆண்கள் கூடினார்கள். மலாய்க் கிராமத்துக்காரர்கள், கடைப் பையன்கள், தினமும் ரொட்டி சாப்பிடும் லாரிக்காரர்கள். "வாரிஸ் யார்?" என்று இமாம் கேட்டார். எல்லாத் தலையும் கனி பக்கம் திரும்பியது. கனி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கனி?" என்றார் இமாம், மறுபடியும்.

பெண்கள் இருந்த அறையின் திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரஹ்மத்துன்னிசா வெளியே வந்தாள். இமாம் தயங்கினார். அவள் தயங்கவில்லை.

"நான் உசைரோட அக்கா. என் தம்பி உங்க யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா பொறுத்துக்கங்க. ரொட்டியத் தீய விட்டிருப்பான். தே தாரே டீய லேட்டாக் குடுத்திருப்பான். வாய்க்கு வந்தத ஏசியிருப்பான். எல்லாத்தையும் ஹலாலாக்கிருங்க."

ஆஃபியா அதை மலாயில் சொன்னாள். ரொட்டியையும் விடாமல் சொன்னாள்.

"ஹலால்" என்றது கூட்டம். கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மணியம், "சரிம்மா, சரிம்மா" என்றார்.

ரஹ்மத்துன்னிசா உள்ளே போகவில்லை. நின்றாள். யாரையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னும் பேசாத வாய் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஹலால்" என்றார் கனி.

சற்றுக் கழித்து, கடல் தாண்டித் தாமதமாக வந்த குரல் ஒன்று போனிலிருந்து "ஹலால்" என்றது. ரஹ்மத்துன்னிசா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முந்தின நாள் மழையில் கபர்ஸ்தானின் செம்மண் பிசைந்த மாவு போல இருந்தது. மையத்தை வாங்க இரண்டு மலாய்க்காரர்கள் குழிக்குள் இறங்கினார்கள். உறவில் ஒருவர் இறங்கலாம் என்றார் இமாம். பேச வேண்டாம் என்றுதான் ரஹ்மத்துன்னிசா சொல்லியிருந்தாள். இறங்கக் கூடாதென்று சொல்லவில்லை. கனி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தலைப்பக்கமும் நடுவிலும் ஆள் இருந்ததால் அவருக்குக் கால்பக்கம் கிடைத்தது.

மேலே நின்றவர்கள் ஈரமண்ணைக் கையில் பிடித்து உருண்டை உருண்டையாக இறக்கினார்கள். தொழும் திசையான கிப்லா பக்கம் சாய்த்துக் கிடத்திய உடம்பு புரளாமல் இருக்க முட்டுக் கொடுப்பதற்காக. தலைக்கு வைத்தார்கள், முதுகுக்கு வைத்தார்கள். கனி இடது பாதத்துக்கு ஓர் உருண்டையை வைத்தார். கச்சிதமாக நின்றது. வலது பாதத்துக்கு வைத்தார். துணி உள்ளே ஒடுங்கியது. உருண்டை சரிந்து இடைவெளிக்குள் போய்விட்டது.

கையை மேலே நீட்டினார். இன்னொன்று வந்தது. அதையும் வைத்து அழுத்தினார். அதுவும் உள்ளே போனது.

"போதுமா?" என்று மேலிருந்து மலாயில் கேட்டார்கள்.

கனி நீட்டிய கையை எடுக்கவில்லை.